ஞாயிறு பிரசங்கம்: திங்கட்கிழமை தொடங்கி மேடை ஏறும் வரை

போதகர் ஐயா வெளியூர் போகிறார், அந்த ஞாயிறு நீங்கள்தான் பேசவேண்டும் என்று சொல்லிவிடுகிறார்கள். திருகோணமலையில் இது புதினமான விஷயம் இல்லை. நகரத்தில் ஒரு ஆராதனை, உப்புவெளிப் பக்கம் ஒன்று, இன்னும் தள்ளி ஒரு கிராமத்தில் ஒன்று என்று இருந்தால், ஒரே காலையில் ஒருவரால் எல்லா இடத்திலும் நிற்க முடியாது. மெதடிஸ்தத் திருச்சபையில் குருப்பட்டம் இல்லாத உள்ளூர்ப் பிரசங்கிகள் ஜோன் வெஸ்லியின் காலத்திலிருந்தே இருக்கிறார்கள். 1814இல் அந்தச் சபையின் மிஷனரிமார் இலங்கைக்கு வந்தபோது அந்த வழக்கமும் கூடவே வந்தது.

பிலிமத்தலாவை இறையியல் கல்லூரியில் படித்த போதகர்களுக்கு இதெல்லாம் பாடமாகவே சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கும். இந்த வழிகாட்டி மற்றவர்களுக்கு. பாடசாலையில் படிப்பிக்கிறவர், வங்கியில் வேலை செய்கிறவர், வாலிபர் சங்கத்தில் இருக்கிறவர் என்று, வேலையும் குடும்பமுமாக ஓடிக்கொண்டே ஞாயிறுக்குத் தயாராக வேண்டியவர்களுக்கு. கத்தோலிக்க வாசகருக்கு ஒரு சொல்: திருப்பலியில் மறையுரை வைப்பது குருவுக்கும் திருத்தொண்டருக்கும் உரியது. ஆனால் செபக்கூட்டத்திலோ வட்டாரக் கூட்டத்திலோ நீங்கள் பேச நேர்ந்தால், கீழே சொல்வது அப்படியே பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தயாரிப்பு நேரத்தில் பாதிக்கு மேல் வேதப்பகுதிக்கு உள்ளேயே செலவாக வேண்டும். இன்னொருவர் பிரசங்கத்தைப் பார்ப்பது, கதை தேடுவது, அழகான வசனம் கோப்பது எல்லாம் அதற்குப் பிறகு. பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அதனால்தான் ஒரே பிரசங்கத்தை மூன்று சபைகளில் மூன்று குரல்களில் கேட்க வேண்டியிருக்கிறது.

விளக்கம் அந்தரத்தில் நிற்காமல் இருக்க யோவான் 21ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம்: இரவு முழுக்க வலைபோட்டு ஒன்றும் படாத சீடர்கள், விடியற்காலையில் கரையில் நிற்கும் இயேசு. மூன்று ஆண்டு வாசகச் சுற்றில், மூன்றாம் ஆண்டில், உயிர்ப்பு ஞாயிறையும் சேர்த்து எண்ணினால் மூன்றாவது ஞாயிறுக்கு இந்தப் பகுதி வரும். ஏப்ரலிலோ மே மாதத் தொடக்கத்திலோ விழும். நம் பக்கத்தில் கடல் அமைதியாகி, நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்களும் இங்கே வந்து தொழில் செய்யும் காலம் அது.

முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

சம்மதம் சொல்லும்போதே நாலு விஷயத்தைக் கேட்டுவிடுங்கள். வேதப்பகுதி குறிக்கப்பட்டதா, உங்கள் விருப்பமா? எத்தனை நிமிடம்? நற்கருணை ஆராதனையா? அன்றைக்கு ஞானஸ்நானம், நன்றிப் படையல், ஞாபகார்த்தம் ஏதாவது உண்டா? நற்கருணை இருந்தால் உங்களுக்கு இருக்கும் நேரம் தானாகவே குறைந்துவிடும். இதைச் சனிக்கிழமை இரவு தெரிந்துகொள்வதில் பயனில்லை.

பகுதி உங்கள் விருப்பம் என்றால் சபையின் வாசக அட்டவணையையே எடுத்துக்கொள்ளுங்கள். நமக்குப் பிடித்த பத்துப் பதினைந்து வசனங்களுக்குள்ளேயே சுற்றிச்சுற்றி வருகிற ஆபத்து எல்லாருக்கும் உண்டு. அட்டவணை நம்மைத் தெரியாத இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும்.

திங்கள், செவ்வாய்: பகுதியோடு மட்டும் இருங்கள்

திங்கட்கிழமை பகுதியைச் சத்தமாக வாசியுங்கள். முன்னும் பின்னும் ஒரு அதிகாரத்தையும் சேர்த்து. 1871இல் வந்த பவர் திருப்புதல், அதாவது நம் பழைய தமிழ் வேதாகமம்தான் நம்மில் பலருக்கு மனப்பாடம். மனப்பாடமான பகுதியில் கண் வழுக்கிக்கொண்டு ஓடும். ஆகவே 1995இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பிலும் ஒருமுறை வாசித்தால் வேகம் குறையும். பிறகு ஒரு கொப்பியில் பகுதியைக் கையால் எழுதுங்கள். வீண்வேலைபோலத் தெரியும். எழுதும்போதுதான் கை தங்கும் இடங்கள் தெரியவரும்.

அந்த இடங்களையெல்லாம் கேள்விகளாக்குங்கள். இந்தப் பகுதியில் எனக்கு எழும் கேள்விகள் இவை. சீடர்கள் உயிர்த்த ஆண்டவரை ஏற்கெனவே இரண்டு முறை பார்த்துவிட்டார்கள். அப்படியானால் ஏன் திரும்ப மீன்பிடிக்கப் போனார்கள்? கரைக்கு வந்தபோது நெருப்பும் அதன்மேல் மீனும் அப்பமும் ஏற்கெனவே இருக்கின்றன. பிறகு ஏன் "நீங்கள் பிடித்த மீனிலும் கொண்டுவாருங்கள்" என்கிறார்? பேதுருவிடம் கேட்கவேண்டிய "என்னை நேசிக்கிறாயா?" என்ற பெரிய கேள்வியைக் கரையேறியவுடனேயே கேட்காமல் சாப்பாடு முடியும்வரை ஏன் பொறுத்தார்?

உடனே பதில் தேட வேண்டாம். முதலில் பகுதிக்குள்ளேயே பாருங்கள், பிறகு அதே நற்செய்திக்குள். 18ஆம் அதிகாரத்துக்குப் போனால் பேதுரு ஒரு கரிநெருப்பின் பக்கத்தில் குளிர்காய்ந்துகொண்டு நிற்கிறான். அங்கே நின்றபடி இயேசுவைத் தெரியாது என்கிறான். மொத்தம் மூன்று முறை மறுக்கிறான். இங்கே மறுபடியும் ஒரு கரிநெருப்பு, மூன்று கேள்வி. இதைக் கண்டுபிடிக்க விளக்கவுரை எதுவும் தேவைப்படவில்லை, நாலு பக்கம் பின்னால் புரட்டினால் போதும்.

லூக்கா 5ஆம் அதிகாரத்தின் பெரிய மீன்பாட்டையும் இதையும் கலந்துவிடாமல் கவனமாயிருங்கள். அங்கே வலை கிழிகிறது, இங்கே அத்தனை மீனுக்கும் கிழியவில்லை. பக்கத்துப் படகைக் கூப்பிட்டது அங்கே, பேதுரு கடலில் குதித்தது இங்கே. ஞாயிறு பாடசாலைப் பிள்ளை கூட இந்தப் பிழையைப் பிடித்துவிடும்.

இடத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். "திபேரியாக் கடல்" என்றதும் நம் மனதில் வருவது டச்சுக்குடாவோ நிலாவெளிக் கரையோதான். உண்மையில் அது நன்னீர் ஏரி. நீளம் ஏறத்தாழ 21 கிலோமீட்டர், அகலம் கூடினால் 13, கடல்மட்டத்தைவிட 200 மீட்டருக்கும் மேல் தாழ்வான இடம். கந்தளாய்க் குளத்தைப் பார்த்தவருக்கு ஓரளவு பிடிபடும், ஆனால் அதைவிடப் பல மடங்கு பெரிது. இதை மேடையில் ஒரு வரியில் சொன்னால் போதும், புவியியல் வகுப்பு வேண்டாம்.

புதன்: தெரிந்தவரிடம் கேளுங்கள்

விளக்கவுரை நூலை இப்போது திறக்கலாம். ஒன்று இரண்டு போதும். உங்கள் கேள்விகளோடு திறந்தால் விடை எங்கே என்று நேராகப் போவீர்கள். கேள்வி இல்லாமல் திறந்தால் அந்த நூலாசிரியரின் பிரசங்கம் உங்கள் வாயால் வரும்.

153 மீன் என்ற எண்ணைப் பற்றி விளக்கவுரைகளில் பக்கம்பக்கமாக இருக்கும். ஒன்றிலிருந்து பதினேழுவரை கூட்டினால் 153 வரும் என்று புனித அகுஸ்தீனார் கணக்குப்போட்டு, அதிலிருந்து ஒரு விளக்கத்தையே கட்டியெழுப்பினார். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கரையோர மீன்வாடியில் மீன் பிரிக்கிற ஒருவரிடம் கேட்டுப்பாருங்கள். பாடு நல்லாயிருந்தால் எண்ணுவார்கள், எண்ணினால்தானே பங்கு போடலாம் என்பார். எனக்கு அந்த விளக்கமே போதுமாக இருக்கிறது. அகுஸ்தீனாரைக் கொப்பியிலேயே விட்டுவிடலாம்.

விளக்கவுரைக்கு அடுத்து மனிதரிடம் போங்கள். சபையில் கடற்றொழில் செய்கிறவர் ஒருவராவது இருப்பார். "அண்ணன், இரவு முழுக்க ஒன்றும் படாமல் கரைக்கு வரும்போது எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள். எண்ணெய்க் காசு, வீட்டில் என்ன சொல்வது என்ற யோசனை, பேச்சே இல்லாமல் வலை மடிப்பது என்று அவர் சொல்வதெல்லாம் 3ஆம் வசனத்தின் "ஒன்றும் பிடிக்கவில்லை" என்ற சின்னச் சொல்லுக்குள் இருக்கிறது. கரையில் நிற்கிற ஒருவர் வலதுபக்கம் போடு என்று சொல்வது கரைவலைக்காரருக்கு ஆச்சரியமாகவும் இராது. தண்ணீரின் நிறம் மாறுவது படகில் இருப்பவரைவிடக் கரையில் நிற்பவருக்குத் தெளிவாகத் தெரிகிற நேரங்கள் உண்டு. இதைத் தெரியாமல், "கரையில் நின்றவருக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று சீடர்கள் நினைத்திருப்பார்கள்" என்று நீங்கள் மேடையில் சொன்னால், பின்வரிசையில் இருக்கிற சம்மாட்டி (வலைச் சொந்தக்காரர்) சிரித்துக்கொள்வார்.

யாருடைய பெயரையும் மேடையில் சொல்லவேண்டாம். சொல்வதானால் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள்.

யூடியூப், செயற்கை நுண்ணறிவு பற்றியும் கேட்கிறார்கள். ஒரு சொல்லின் பின்னணியோ வரலாற்றுத் தகவலோ தேட உதவும், சரிபார்க்கத் தெரிந்தால். முழுப் பிரசங்கத்தையும் எழுதித்தரச் சொன்னால் அதில் உப்புவெளியும் இராது, உங்கள் சபையும் இராது. கிரேக்கம் படிக்காதவர் "கிரேக்கத்தில் இதற்கு..." என்று தொடங்குவதையும் தவிர்ப்பது நல்லது. சபையில் யாருக்கும் கிரேக்கம் தெரியாது என்பதால்தான் கூடுதல் கவனம் தேவை.

வியாழன்: ஒரே ஒரு வாக்கியம்

முழு வாரத்திலும் கடினமான வேலை இதுதான். பிரசங்கம் முழுவதையும் ஒரு முழு வாக்கியத்தில் எழுதுங்கள். "தேவனுடைய அன்பு" என்பது வாக்கியம் ஆகாது, அது தலைப்பு. "நாம் ஆண்டவருக்குக் கீழ்ப்படிய வேண்டும்" என்பது எந்தப் பகுதிக்கும் பொருந்தும், ஆகவே இந்தப் பகுதிக்குத் தனியாக ஒன்றும் சொல்லவில்லை. வாக்கியத்தைப் பார்த்தவுடன் அது எந்த அதிகாரம் என்று ஒருவர் ஊகிக்கக்கூடியதாக இருக்கவேண்டும்.

செவ்வாய்க்கிழமைக் கேள்விகளிலிருந்து எனக்குக் கிடைத்தது இது: தன்னை மறுதலித்தவனிடம் கேள்வி கேட்பதற்கு முன்னால் இயேசு அவனுக்குச் சாப்பாடு கொடுக்கிறார்.

இது கிடைத்துவிட்டால் வெட்டுவது இலகு. வலது பக்கம் வலை போட்டது? ஒரு வரி. 153? வேண்டாம். பேதுரு எப்படி மரிப்பான் என்ற 18, 19ஆம் வசனங்கள்? வாசிக்கலாம், பிரசங்கத்தில் தொட நேரமில்லை. நல்ல சரக்கை வெட்டும்போது மனம் வலிக்கத்தான் செய்யும். வெட்டியதை எறியவேண்டாம், கொப்பியில் கிடக்கட்டும், மூன்று வருடத்தில் இதே பகுதி திரும்ப வரும்.

இதே நாளில் இன்னொரு வேலையும் உண்டு. அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு, ஞாயிறு எதிரே இருக்கப்போகிறவர்களை ஒவ்வொருவராக மனதில் கொண்டுவாருங்கள். இது நம் ஊரில் கூடுதல் அவசியம். 2004 டிசம்பர் 26இல் பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவர் இருப்பார். யுத்தத்தில் கணவரோ மகனோ காணாமல் ஆக்கப்பட்டு, படத்தோடு இன்னும் போராட்டத்துக்குப் போகிறவர் இருப்பார். 2006இல் சம்பூர்ப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து, வருடக்கணக்கில் முகாமில் இருந்துவிட்டுத் திரும்பிய குடும்பங்களை அறியாதவர் நம்மில் குறைவு. "பேதுருவின் வலை நிறைந்ததுபோல் உங்கள் வலையும் நிறையும்" என்ற வரி எழுதும்போது சந்தோஷமாக வரும். கடலுக்குப் போனவர் திரும்பாத வீட்டுப் பெண் அதை எப்படிக் கேட்பார் என்று ஒருமுறை நினைத்தால் அந்த வரி தானாகவே விழுந்துவிடும். "எல்லாம் நன்மைக்கே" என்று இழப்புக்கு விளக்கம் சொல்லவே வேண்டாம். அதைச் சொல்ல உங்களுக்கு அனுமதி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கூட்டமும் கேட்கிறது. நம் குடும்பங்களில் சைவமும் கிறிஸ்தவமும் கலந்தே இருக்கின்றன. ஞானஸ்நானம், கலியாணம், செத்தவீடு என்றால் வாங்குகளில் சரிபாதி சைவ உறவினர்தான். ஒலிபெருக்கி போட்டால் தெருவே கேட்கும். பக்கத்து வீட்டுக்காரரின் வழிபாட்டைத் தாழ்த்தி நம் செய்தியை உயர்த்துவது சோம்பேறித்தனமான தயாரிப்பு. பகுதிக்குள் சொல்ல ஒன்றும் கிடைக்காதபோதுதான் அந்த வழி தேவைப்படும். இந்தக் கலை நமக்கு மட்டும் சொந்தமானதும் இல்லை. மெதடிஸ்த மிஷனரி பேர்சிவல் பாதிரியாரோடு வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர்தான் 1847இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கிவைத்தார்.

வெள்ளி: எலும்பும் சதையும்

மூன்று தலைப்பு, மூன்றும் ஒரே எழுத்தில் தொடங்கவேண்டும் என்ற பழக்கம் நம் மேடைகளில் ஆழமாக ஊறிவிட்டது. "அழைப்பு, அன்பு, அனுப்புதல்" என்று வரும். நினைவில் வைக்க உதவும் என்பார்கள். ஆனால் மோனைக்காக மூன்றாவது தலைப்பைப் பகுதிக்குள் திணிப்பதைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். கதைப்பகுதி என்றால் கதை போகிற வழியிலேயே போங்கள். வெறும் வலை, கரையில் குரல், நெருப்பு, சாப்பாடு, பிறகு கேள்வி. இந்த வரிசையே உங்கள் எலும்புக்கூடு. பவுலின் நிருபம் என்றால் வாதத்தின் படிகளைப் பின்பற்றலாம், சங்கீதம் என்றால் உணர்வு மாறும் இடங்களை.

தொடக்கத்துக்கு அதிகம் மினக்கெட வேண்டாம். "இந்த நாளிலே இந்த வாய்ப்பைத் தந்த..." என்ற நன்றியுரையில் இரண்டு நிமிடம் போய்விடும். அந்த நேரத்தில்தான் சபை மிகக் கூர்மையாகக் கேட்கிறது. நேராக "விடியற்காலை, வலை வெறுமை" என்று தொடங்குங்கள்.

முடிவை எழுதி வையுங்கள், சொல்லுக்குச் சொல். முடிவு தெரியாத பிரசங்கி, "கடைசியாக", "இறுதியாக", "முடிவாக" என்று மூன்று தடவை இறங்கப்பார்த்து மறுபடி மேலே போய்விடுவார். நம் உதாரணத்தில் முடிவு ஒரு செயலைக் காட்டவேண்டும்: இந்த வாரம் நாம் கணக்குக் கேட்கக் காத்திருக்கும் ஒருவரை முதலில் சாப்பிடக் கூப்பிட முடியுமா? மறப்பதா, மன்னிப்பதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு பார்க்கலாம். நீதி கேட்டுப் போராடுகிறவர்களிடம் போய் இதைச் சொல்லாதீர்கள். இங்கே கேள்வியும் நடந்தது, ஒன்றல்ல மூன்று முறை. சாப்பாடு கேள்வியை இல்லாமல் செய்யவில்லை. இந்த வேறுபாட்டைப் பிரசங்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

உதாரணக் கதை ஒன்று போதும். வெளிநாட்டு இராணுவத் தளபதி, பனியில் சிக்கிய பயணி போன்ற இரவல் கதைகளைவிட, பஸ் நிலையத்தில் பார்த்த ஒன்று மேல். கதை பகுதியைவிடப் பெரிதாகிவிட்டால் திங்கட்கிழமை கதை மட்டும்தான் நினைவிருக்கும்.

பேசுகிற தமிழில் எழுதுங்கள். "ஆகையினாலே பிரியமானவர்களே" என்று மேடைத் தமிழ் தானாகவே வரும், வந்தால் தப்பில்லை. ஆனால் முக்கியமான இடத்தில், அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும்போது, வீட்டில் அம்மாவிடம் சொல்வதுபோலச் சொல்லுங்கள். முழுவதையும் எழுதிவிட்டு, மேடைக்குக் குறிப்பு மட்டும் கொண்டுபோவது என் முறை. எழுத்து பெரிதாக, ஒரு பக்கத்தில் மட்டும், தாள்களுக்கு எண் போட்டு. மின்விசிறிக்குக் கீழே தாள் பறக்கும், அதனால் ஒரு கிளிப்பும். போனில் பார்த்து வாசிக்கிறவர்கள் அழைப்பு வராதபடி வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நேரம்?

சொன்ன நேரத்தைவிட ஒன்றிரண்டு நிமிடம் குறைவாகத் தயாரியுங்கள், மேடையில் தானாக நீளும். திருத்தந்தை பிரான்சிஸ் 2013இல் எழுதிய ஊக்கவுரையில் மறையுரைத் தயாரிப்புக்கென்றே நீண்ட பகுதி ஒதுக்கினார். 2024இல் எட்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்றே சொன்னார். கிண்ணியாவிலும் மூதூரிலும் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை குத்பாவுக்கு (பிரசங்கத்துக்கு) மிம்பர் மேடை ஏறுகிற கதீபுக்கும் இதே நெருக்கடி உண்டு. தொழுகையை நீட்டி குத்பாவைச் சுருக்குவது ஒருவரின் மார்க்க அறிவுக்கு அடையாளம் என்று நபிமொழி இருக்கிறது. நம் சபைகளில் எட்டு நிமிடம் என்றால் ஏதோ சுகமில்லை என்று நினைப்பார்கள், ஆகவே பதினைந்து, கூடினால் இருபது. கச்சான் என்ற வறண்ட சூட்டுக் காற்று தொடங்கிய பிறகு, கரண்டும் இல்லாத காலையில், பன்னிரண்டு.

சனிக்கிழமை ஒருமுறை நின்றுகொண்டு சத்தமாகச் சொல்லிப்பாருங்கள், கடிகாரத்தோடு. மனதுக்குள் வாசித்தால் நேரம் எப்போதும் குறைவாகவே காட்டும். நாக்கு தடுக்கும் வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள். முடிந்தால் வீட்டில் ஒருவரைக் கேட்க வையுங்கள். வாலிப வயதுப் பிள்ளை இருந்தால் நல்லது, இரக்கமே காட்டாது. பின்னேரத்துக்குள் முடித்துவிட்டு மூடிவையுங்கள். இரவு புதிதாக வருகிற யோசனை அற்புதமாகத் தெரியும், அதைச் சேர்த்தால் முடிவு கெடும்.

ஜெபத்தைத் தனிப் படியாக எழுதவில்லை. திங்கட்கிழமை வாசிக்கும்போதே அது தொடங்கியிருக்கும்.

ஞாயிறு காலையும் அதற்குப் பிறகும்

அரைமணி முன்னே போங்கள். மைக்கின் உயரம், எங்கே நிற்பது, வேதப்பகுதியை யார் வாசிக்கிறார் என்று பாருங்கள். வாசிக்கிறவரிடம் மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள், உங்கள் வேலையில் பாதி அவர் கையில். தண்ணீர் ஒரு போத்தல். பேசும்போது முதல் வாங்கைப் பார்க்காமல் கடைசி வாங்கைப் பாருங்கள், குரல் அங்கே போகும். பிள்ளை அழுதால் அழட்டும், தாயைப் பார்க்கவேண்டாம்.

வாசலில் "நல்ல பிரசங்கம்" என்று எல்லாரும் சொல்வார்கள், அது மரியாதை. நம்பிக்கையான ஒருவரைப் புதன்கிழமை போலப் பிடித்து, "நான் என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா?" என்று கேளுங்கள். வியாழக்கிழமை எழுதிய வாக்கியம் அவர் வாயில் ஏறத்தாழ வந்தால் சரி. 153 பற்றித் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது என்று அவர் சொன்னால், அதுவும் ஒரு தகவல்தான்.

குறிப்புத் தாளில் திகதி, சபை, எடுத்த நேரம், விட்ட பகுதி எல்லாம் எழுதி ஒரு கோப்பில் போடுங்கள். அதே பிரசங்கத்தை வேறு சபையில் சொல்லலாமா என்று கேட்பார்கள். சொல்லலாம். ஆனால் நகரத்தில் சொன்னதைத் தம்பலகாமத்தில் சொல்லப்போகிறீர்கள் என்றால் வியாழக்கிழமை வேலையைத் திரும்பவும் செய்யவேண்டும். அங்கே வாங்கில் இருப்பவர்களில் பலர் வயல் செய்கிறவர்கள், வெறும் வலையோடு விடிகிற இரவு எப்படி என்று இந்தமுறை நீங்கள்தான் அவர்களுக்குச் சொல்லவேண்டும்.